28 நாள் கணக்கும் ஏறிப்போன பவுண்டும்

பன்னாட்டு நிதியியலில் முதுநிலைப் படிப்புக்காக 2023 செப்டம்பரில் ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தேன். இடம் கிடைத்தது, ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. என்னை அலைக்கழித்தது பணக் கணக்குதான்.

மாணவர் விசாவுக்கு, கட்டியதுபோக மீதமுள்ள கல்விக் கட்டணமும், வாழ்க்கைச் செலவுக்கென அப்போதைய (2023) விதிப்படி மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கான 9,207 பவுண்டும் (லண்டன் என்றால் இன்னும் அதிகம்) நம் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். எனக்கு மொத்தம் 25,207 பவுண்டு. ஏப்ரலில் ஒரு பவுண்டு 102 ரூபாயை ஒட்டி இருந்தது. "26 லட்சம் தாராளம்" என்றார் விண்ணப்ப ஆலோசகர். நிலம் விற்ற பணத்தை அப்பா கணக்கில் போட்டு, தொடாமல் வைத்திருந்தோம்.

ஜூலை நடுவில் பவுண்டு 107ஐத் தாண்டியது. பணம் போட்ட நாளின் மதிப்பு செல்லாது. விண்ணப்பிக்கும் நாளின் மதிப்புதான் கணக்கு. இதை அவர் சொல்லவே இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழுந்தது. சித்தப்பா தருவதாகச் சொன்னார். ஆனால் சித்தப்பாவின் கணக்கு செல்லாது. அப்பா கணக்குக்கு மாற்றினாலோ அன்றிலிருந்து புதிதாக 28 நாள் எண்ண வேண்டும். "காத்திருங்கள், வேறு வழியில்லை" என்றார் ஆலோசகர்.

வழி இருந்தது. பிரிட்டன் உள்துறையின் வழிகாட்டியை இரவெல்லாம் வரிவரியாகப் படித்தபோது கண்ணில் பட்டது: கட்டணத்தில் எவ்வளவு கட்டிவிட்டோமோ, காட்ட வேண்டிய தொகை அவ்வளவு குறையும். சித்தப்பாவின் பணத்தில் 1,500 பவுண்டை நேரே பல்கலைக்கழகத்துக்கே கட்டிவிட்டால் போதும்! எழுந்து அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

மறுநாள் வங்கியில், இந்தக் கிளையில் அந்நியச் செலாவணி கிடையாது என்று இன்னொரு கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அன்றைய அனுப்பும் நேரம் முடிந்திருந்தது. அதற்கடுத்த நாள் அனுப்பிய எழுத்தர், படிவத்தில் நான் எழுதிக்கொடுத்த மாணவர் எண்ணைப் பதியாமல் விட்டுவிட்டார். யாருடைய பணம் என்று தெரியாமல் அது ஒரு வாரம் பல்கலைக்கழகத்தில் கிடந்தது. ஸ்விஃப்ட் நகலை (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்று) கேட்டு வாங்கி மின்னஞ்சலில் அனுப்பிய பிறகே என் பெயரில் வரவு வைத்தார்கள். அனுப்பும் முன் அந்த எண்ணைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். வழியில் பணத்தைக் கைமாற்றிவிடும் இடைத்தரகு வங்கியின் கட்டணத்தையும் நாமே ஏற்பதாகக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போய்ச் சேரும் தொகை குறைந்துவிடும்.

அப்பா கணக்கைக் காட்டுவதால் அவருடைய சம்மதக் கடிதமும் என் பிறப்புச் சான்றிதழும் தேவைப்பட்டன. சான்றிதழில் என் பெயரே இல்லை. அதைச் சேர்க்க மாநகராட்சி அலுவலகத்துக்கு மூன்று நடை. உங்கள் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். வங்கி அறிக்கையின் கடைசித் தேதியும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதிச் சான்று வந்தது. கட்டிய கட்டணம் என்ற இடத்தில் 1,500 பவுண்டு கூடியிருந்தது. அன்றிரவே விண்ணப்பித்தேன்.