நிலா சாயட்டும்

ஒரு பயண இதழுக்காகத் தார் பாலைவனத்தை நிலா வெளிச்சத்தில் மட்டுமே படமெடுத்துத் தரும் வேலை அது. ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சம் மணல்மேடுகள்தான் பேர்போனவை. ஆனால் மாகப் பௌர்ணமியை ஒட்டிப் பாலைவனத் திருவிழா நடக்கும். மேடை விளக்கு, ஒலிபெருக்கி, ஜீப் என்று அந்த நாட்களில் இரவு இரவாகவே இருக்காது. அதனால் தென்மேற்கில் இருக்கும் குரி கிராமத்துக்குப் போனேன். மணல்மேட்டை அங்கே ‘தோரா’ என்கிறார்கள்.

முதல் இரவு முழுக்க வீணானது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கேமராத் திரை பளிச்சென்று தெரியும். 4, 5 விநாடியில் எடுத்த படமே போதும் என்று நம்பிவிட்டேன். அறைக்கு வந்து மடிக்கணினியில் போட்டால் எல்லாம் கரி. வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன், புள்ளி புள்ளியாக வந்தது. அன்றிலிருந்து திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மட்டும்தான் நம்புகிறேன்.

முழு நிலவுக்கு லென்ஸ் துளை எஃப் 4, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400, திறந்திருக்கும் நேரம் 30 விநாடி என்பது என் கணக்கு. அரை நிலா என்றால் பாதி வெளிச்சம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நிலவின் மலைகளும் பள்ளங்களும் தம் நிழலாலேயே ஒளியைத் தின்றுவிடுவதால், பௌர்ணமியில் கிடைப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சரி, 30 விநாடி திறந்து வைத்தால் வேறு சிக்கல். மணல் மஞ்சளாகவும் வானம் நீலமாகவும் பட்டப்பகல் போல வந்துவிடும். நிலவொளி சூரிய ஒளியின் எதிரொளிதானே, கேமரா அதை அப்படியே காட்டுகிறது. நம் கண்தான் மங்கிய ஒளியில் சிவப்பை இழந்து எல்லாவற்றையும் நீலச்சாயலில் பார்க்கிறது. 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்துச் சொன்னார். இதழில் நல்ல நீலமாக்கித் தரச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 15 விநாடியாகக் குறைத்து, படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 4,000 கெல்வினில் வைத்தேன். அங்கே நின்றபோது என் கண்ணுக்குத் தெரிந்த இரவுக்கு அதுதான் பக்கத்தில் வந்தது.

ஆனாலும் நள்ளிரவுப் படங்களில் உயிர் இல்லை. குளிர்காலப் பௌர்ணமி நள்ளிரவில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே வந்துவிடும். மேட்டில் நிழலே விழாது. காற்று வரைந்த வரிகள் மறைந்து, மாவைக் கொட்டியது போல மணல் தட்டையாகிவிடும். லென்ஸை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த ஒட்டகக்காரர் போர்வைக்குள் இருந்தபடியே, “நிலா சாயட்டும் சாப், இப்போது தடம் தெரியாது” என்றார். மேயப் போய்த் திரும்பாத ஒட்டகத்தைத் தேடுகிறவர்கள் நடு இரவில் நடப்பதில்லையாம். நிலா இறங்கிய பிறகு, காலடித் தடத்தின் ஒரு விளிம்பில் நிழல் கட்டும்போதுதான் கிளம்புவார்களாம். பக்கவெளிச்சம் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஒரே பேச்சில் இருந்தது.

காத்திருந்தோம். ட்ரைபாட் கால்களை அரை முழம் மணலுக்குள் அழுத்தி வைத்திருந்தேன், மேலாக வைத்தால் 15 விநாடிக்குள் இறங்கிவிடும். அடிவானத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அவை படத்துக்குள் வராதபடி கோணத்தை மாற்றினேன். படத்தில் வரப்போகும் முகட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால், இருவரும் தேநீர் குடிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு போய் வந்தோம்.

ஐந்து மணிக்கு நிலா மேற்கே நன்றாக இறங்கியது. தட்டையாகக் கிடந்த மேடு வரி வரியாக எழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு. எருக்கஞ்செடியின் நிழல் ஆளுயரத்துக்கு நீண்டது. அப்போதுதான் முகட்டின் சரிவில் ஒரு வண்டின் தடத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தையல் போட்டது போலச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் கடுகளவு நிழல். எத்தனையோ வரிகளை ஏறி இறங்கி, எருக்கின் அடிக்குப் போயிருந்தது.

லென்ஸில் பனி படிவதற்குள் நான்கு படங்கள் கிடைத்தன. இதழ் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை, முகடும் நட்சத்திரமும் இருந்த படத்தைத்தான் போட்டது. வண்டுத் தடத்தைப் பெரிதாக அச்சிட்டு என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.