நான்கு பூஜ்யங்கள்

வார்சாவில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், 1989 முதலான போலந்தின் விலை, சம்பளம், உற்பத்தி எண்களைக் கோத்துத் தரும் வேலை எனக்கு வந்தது. 1995 ஜனவரி 1 அன்று போலந்து நாணயமான ஸ்வோட்டியில் பழைய 10,000 ஒரு புது ஸ்வோட்டி ஆனது. அதற்கு முந்தைய சம்பளங்களில் நான்கு பூஜ்யங்களை வெட்டினால் சரி என்று உட்கார்ந்தேன்.

விலைவாசிக்கு வந்ததும் திகைத்துவிட்டேன். 1990 ஜனவரியில், ஒரே மாதத்தில், கிட்டத்தட்ட 80 சதவீத ஏற்றம். பொதுவுடைமைப் பொருளாதாரத்தை ஒரேயடியாகச் சந்தைக்கு மாற்ற நிதியமைச்சர் பால்செரோவிச் கொண்டுவந்த திட்டம் தொடங்கிய மாதம் அது. பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகள் போயின, மானியம் வெட்டப்பட்டது. டாலரை 9,500 ஸ்வோட்டியில் கட்டிவைத்தார்கள். அளவு மீறிச் சம்பளம் ஏற்றிய அரசு நிறுவனங்களுக்குக் கடும் வரி. மார்ச்சிலேயே மாத ஏற்றம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 1992-ல் உற்பத்தியும் மேலே திரும்பியது. வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு 'மீட்சி' என்று எழுதினேன்.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த பெண்மணி அதைப் பார்த்தார். "இது எங்கள் ஊருக்கு வரவில்லை" என்றார்.

மறுநாள் அப்பாவின் சம்பளப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அப்பா வடகிழக்குப் போலந்தின் மசூரியாவில் அரசுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். ஊதா முத்திரைகள், கட்டத்துக்குள் அடங்காமல் நெருக்கி எழுதிய பூஜ்யங்கள். 1992-க்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. குடியிருந்த வீடு முதல் குழந்தைகள் காப்பகம் வரை எல்லாமே பண்ணையுடையது. அது கலைந்தபோது எல்லாம் சேர்ந்து போனது.

அதற்காகத் திட்டமே தவறு என்று சொல்லமாட்டேன். இப்படிப்பட்ட சீர்திருத்தத்தைத் தள்ளிப்போட்ட உக்ரைனில் 1993-ல் மட்டும் விலை நூறு மடங்குக்கு மேல் ஏறியது. அங்கே சேமிப்பெல்லாம் கரைந்தது. போலந்தோ 1996 வாக்கில் 1989-ன் உற்பத்தியைத் தாண்டிவிட்டது. ஆனால் 1993 முடிவில் வேலையின்மை 16 சதவீதம். பண்ணைகளைக் கலைப்பதில் இருந்த வேகம், அந்தக் குடும்பங்களுக்கு வேறு வழி காட்டுவதில் இல்லை. இது இன்றும் எனக்கு வலிக்கிறது.

வட்டத்தை அழித்துவிட்டு, வட்டார வாரியான வேலையின்மை எண்களைத் தேட ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சுவால்கி, ஓல்ஷ்டின், அப்புறம் கோஷாலின் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் புது வரிசைகளைச் சேர்த்தேன்.