எள்ளுப்பாட்டியின் மேற்குப் பாதி

என் மாமியார் ஓரிகன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1852ஆம் ஆண்டு அவருடைய எள்ளுத்தாத்தா இல்லினாயிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே வந்தார், நிலம் பெற்றார், குடும்பத்தை நிலைநிறுத்தினார். எள்ளுப்பாட்டி அந்தக் கதையில் கூட வந்தவர், அவ்வளவுதான். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பதினைந்து ஆண்டுகளில் அவரைப் பற்றி இரண்டாவது வாக்கியம் ஒன்றைக் கேட்டதே இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்ற ஆண்டு வீட்டுப் பழைய பைபிளைப் பிரித்தோம். இல்லினாயில் பிறந்த இரண்டு குழந்தைகளின் பெயர்கள் அதில் இருந்தன. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் மகன் மட்டுமே இருக்கிறான். மூத்த மகள் இல்லை. குடியேறிகள் மாட்டுவண்டிகளில் மேற்கே வந்த வழிக்கு ஓரிகன் பாதை என்று பெயர். 1852 அந்தப் பாதையில் காலரா மிகக் கொடுமையாகத் தாக்கிய ஆண்டு. "வழியிலேயே போயிருக்க வேண்டும்" என்றார் மாமியார். அந்தப் பாதையில் போய்ப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தோம்.

மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஓரிகன் சிட்டி வரை அந்தப் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். எங்களுக்குக் கிடைத்ததோ பத்து நாள். அதனால் வயோமிங்கின் கெர்ன்சியில் தொடங்கினோம். அங்கே மணற்பாறையில் வண்டித்தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சில இடங்களில் ஐந்தடி ஆழம்! உள்ளே இறங்கி நின்றால் பாறை என் தோளைத் தொட்டது. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் அரைத்து அரைத்து ஏற்படுத்திய தடம் அது. பொருள்காட்சி வைக்கும் எந்தக் கூடமும் எனக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது.

வண்டியில் ஏறி உட்கார்ந்து வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 90 கிலோ மாவு, பன்றி இறைச்சி, கலப்பை, விதை என்று வண்டி நிறைந்துவிடும். உடல்நலம் குன்றியவர்களும் கைக்குழந்தைகளும் தவிர மற்றவர்கள் நடந்தார்கள். வண்டியோட்டிகூட மாட்டின் இடப்பக்கமாக நடந்தே வந்தார். நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வீதம் ஐந்து மாதம். மரமே இல்லாத வெளியில் பெண்கள் காட்டெருமைகளின் காய்ந்த சாணத்தை மடியில் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். மாமியார் இதைச் சற்றுத் தயங்கித்தான் சொன்னார். என் அம்மாச்சி வீட்டுச் சுவரெல்லாம் வறட்டி தட்டியிருக்கும் என்றேன். அதன் புகை எப்படி இருக்கும், சோற்றில் அந்த வாடை ஏறுமா என்று அன்று மாலை முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். எள்ளுப்பாட்டியை நாங்கள் இருவரும் சேர்ந்து அறியத் தொடங்கியது அந்த மாலையில்தான்.

இண்டிபெண்டன்ஸ் ராக் ஒரு பெரிய கருங்கற்குன்று. ஜூலை 4க்குள் அங்கே சேர்ந்துவிட்டால் மலைகளில் பனி விழும் முன் கடந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. பாறை முழுக்கப் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தேடினோம். எங்கள் குடும்பப் பெயர் கண்ணில் படவில்லை.

பாதையில் இறந்தவர்களைப் பல நேரங்களில் வண்டித்தடத்திலேயே புதைத்து, மேலே வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிவிடுவார்கள். ஓநாய்கள் தோண்டிவிடக் கூடாதே என்ற அச்சம். அதன் பிறகு திரும்பி வந்தாலும் பெற்றவளுக்கே இடம் தெரியாது. சவுத் பாஸ் கணவாயில் இதை நினைத்துக்கொண்டு நின்றேன். பாலக்காட்டுக் கணவாய்போல இருபுறமும் மலை எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது 7,400 அடி உயரத்தில் ஒரு பரந்த புல்வெளி. ஓர் ஓடை அட்லாண்டிக் பக்கம் போகிறது, அடுத்தது பசிபிக் பக்கம். மாமியார் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அந்தச் சிறுமியின் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னார்.

ஐடஹோவை வேகமாகக் கடந்தோம். ஹூட் மலையைச் சுற்றி வரும் பார்லோ சாலை 1846இல் திறக்கப்பட்ட சுங்கச்சாலை. அதில் லாரல் ஹில் சரிவில் மரங்களில் கயிறு சுற்றி வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். அந்தக் கற்சரிவை நான் தவழ்ந்துதான் ஏறினேன்.

பயணத்தில் என்னை உலுக்கியது பழைய நிலக்கோப்புகளைப் படமெடுத்து வைத்திருந்த ஒரு மைக்ரோஃபிலிம் சுருள். 1850ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு டிசம்பருக்குப் பின் வந்த தம்பதிக்கு 320 ஏக்கர். நான்கு ஆண்டுகள் அங்கே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். அதில் சரிபாதி மனைவிக்கு, அவருடைய சொந்த உரிமையாக! திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதே அரிதாக இருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தின் நிலக்கோப்பில் தெளிவாக எழுதியிருந்தது: கிழக்குப் பாதி கணவருக்கு, மேற்குப் பாதி மனைவிக்கு. ஐந்து தலைமுறையாகத் 'தாத்தாவின் நிலம்' என்று சொல்லி வந்ததில் 160 ஏக்கர் பாட்டியுடையது. மாமியார் அந்த வரியை விரலால் தொட்டபடியே உட்கார்ந்திருந்தார். நான் அழுதுவிட்டேன்.

அதே சட்டத்தில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. அந்த நிலமும் வெற்று நிலமல்ல. அது இருக்கும் வில்லமெட் பள்ளத்தாக்கு கலப்பூயா என்னும் பழங்குடி மக்களுடையது. அவர்கள் ஆண்டுதோறும் புல்வெளிக்குத் தீயிட்டுப் பேணியதால்தான் கருவாலி மரங்களுக்கு நடுவே உழத் தயாரான வெளி கிடைத்தது. காமாஸ் கிழங்கு அவர்களுக்கு முக்கிய உணவு. 1830களில் பரவிய மலேரியா அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. மிஞ்சியவர்கள் பள்ளத்தாக்கிலேயே சிறிது இடம் கேட்டு 1851இல் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளை அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்கவேயில்லை. நிலம் கைமாறிய உடன்படிக்கை 1855இல்தான் வந்தது. எள்ளுப்பாட்டி வேலி போட்டதோ அதற்கு முன்பே.

பிரவுன்ஸ்வில் அருகே அந்த நிலம் இன்று புல்விதை வயலாக இருக்கிறது. இப்போதைய உரிமையாளர் அன்போடு அனுமதித்தார். அறுத்துப் போட்ட புல் வரிவரியாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் கலப்பூயா. மேற்குப் பாதியின் வரப்பில் மாமியார் நெடுநேரம் நடந்தார். திரும்பி வந்ததும், "அவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?" என்று கேட்டார்.

பழங்குடியினருக்கென்று அரசு ஒதுக்கிய கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்கு, 1856இல் என்றேன். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே அவர்களுடைய அருங்காட்சியகம் இருக்கிறது.

மறுநாள் காலை ஊர் திரும்ப வேண்டிய நாள். மாமியார் முன்னிருக்கையில் ஏறி, நிலக்கோப்பின் நகலை மடியில் வைத்துக்கொண்டு, "முதலில் அங்கே போ" என்றார்.