பாலிசியில் வெள்ளம் இருந்தது, கவுண்டரில் இல்லை

2023 மார்ச் வெள்ளத்துக்கான கிளேம் பணம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜொகூரில் செகாமாட், சாஆ, யோங் பெங் பக்கம் இருப்பவர்களுக்கு உதவும்.

எங்கள் லாபிஸுக்கு வெள்ளம் புதிதல்ல. 2011 ஜனவரி 30-ல் எங்கள் பக்கத்துத் தெனாங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். ஓட்டுப் போடும் நாளிலேயே ஊருக்குள் தண்ணீர். ஆனால் அதெல்லாம் பொங்கல், தைப்பூச சமயத்துச் சங்கதி. மார்ச்சில் வீட்டுக்குள் வரும் என்று யார் எதிர்பார்த்தது? காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்குமாம். இனி மாதத்தை நம்பிப் பயனில்லை.

நிவாரண மையம், அரசாங்கத்தின் 1,000 வெள்ளி உதவித்தொகை, போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. தலைவலி பேங்கில் ஆரம்பித்தது.

அப்பா தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய வீடு. கடன் இன்னும் ஓடுகிறது, காப்புறுதியும் பேங்க் மூலமாகத்தான். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, "இது அப்பி (தீ) மட்டும்தான் அங்கிள், பஞ்சிர் (வெள்ளம்) கவர் இல்லை" என்றாள். பாலிசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டார். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) சொன்னால் சரி என்று பழகிய ஆள். பெட்ரோல்தான் தண்டம்.

வீட்டுக்கு வந்து பாலிசியைத் தேடினேன். நல்ல வேளை, அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. முதல் பக்கத்திலேயே 'இன்சுரன்ஸ் பெமிலிக் ருமா' என்று போட்டிருக்கிறது. அதாவது வீட்டு உரிமையாளர் காப்புறுதி, ஹவுஸ்ஓனர் பாலிசி! வெறும் ஃபயர் பாலிசியில்தான் வெள்ளத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஹவுஸ்ஓனரில் அது உள்ளேயே இருக்கிறது. கம்பெனிகள் இரண்டையும் ஃபயர் பிரிவில் வைத்திருப்பதால் கணினியில் 'அப்பி' என்று வந்திருக்கிறது.

மறுபடியும் போனேன். அந்தப் பக்கத்தைக் காட்டியும், "ஹெச்க்யூவில் (தலைமையகத்தில்) கேட்கணும்" என்றாள். "சரிம்மா, இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் கொடு. ஓம்பட்ஸ்மனிடம் போக அது வேண்டும்" என்றேன். உள்ளேயிருந்து அதிகாரி வந்தார், கிளேம் பாரமும் (படிவமும்) வந்தது. ஓம்பட்ஸ்மன் என்பது பேங்க், காப்புறுதிக் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு. அப்போது நிதிச் சேவைகளுக்கான ஓம்பட்ஸ்மன் என்று பெயர், 2025 முதல் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவை (FMOS). அங்கே புகார் செய்ய நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கம்பெனியின் கடைசி முடிவு எழுத்தில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

அடுத்தது அட்ஜஸ்டர், கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட வருபவர். அவர் வருவதற்குள் வீட்டைக் கழுவியாகிவிட்டது. சேற்றோடு எத்தனை நாள் படுப்பது? எங்களைக் காப்பாற்றியது தங்கச்சி எடுத்த படங்கள்தான். சுவரில் சுவிட்சுக்குக் கொஞ்சம் கீழே பழுப்புக் கோடு, அதன் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம், கதவு ஊறி உப்பிய இடம் ஒன்று, குளிர்பெட்டியின் சீரியல் நம்பர்கூட ஒன்று. கழுவுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் இப்படி எடுங்கள். உடைந்த சாமான்களைக் குப்பை லாரியில் ஏற்றும் முன்பும் எடுங்கள்.

அந்தக் குளிர்பெட்டிக்கு ஒரு காசு வரவில்லை. மெத்தை, சோபாவுக்கும் இல்லை. ஹவுஸ்ஓனர் கட்டடத்துக்கு மட்டும். சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் என்று வேறு பாலிசி. பேங்குக்கு அதன் கடன்தானே கவலை, நம் சோபாவா? அட்ஜஸ்டர் சமையலறை கேபினட்டையும் சாமான் கணக்கில் தள்ளப் பார்த்தார். சுவரில் திருகி அடித்தது கட்டடத்தோடு சேர்ந்தது என்று நின்றேன். ஒத்துக்கொண்டார். அதில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

வந்த பணத்திலும் இரண்டு வெட்டு. எங்கள் பாலிசியில் வெள்ளத்துக்கு காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு நம் தலையில். 120,000 வெள்ளிக்கு 1,200 போச்சு. இரண்டாவது, தொகையே போதாது என்று ஒரு வெட்டு. வீட்டைத் திரும்பக் கட்ட 160,000 ஆகும், ஆனால் 120,000-க்குத்தான் பாலிசி என்றால் சேதத்தில் முக்கால் பங்குதான் தருவார்கள். நிலத்தோடு சேர்ந்த விற்பனை விலையைப் பார்க்காதீர்கள், இன்றைய கட்டுமானச் செலவைப் பாருங்கள். சிமெண்ட் விலை அப்பா வீடு வாங்கிய காலத்திலேயே நிற்கவில்லை.

கடனை முடித்தவர்கள் ஒன்று கவனியுங்கள்: பேங்க் போட்ட பாலிசி அதன்பின் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இருந்துவிடாதீர்கள். எம்.ஆர்.டி.ஏ. இருக்கிறதே என்பார்கள் சிலர். அது ஆள் போனால் கடனை அடைக்க, வீட்டுக்கு அல்ல.

காருக்கு முதல் பார்ட்டி (முழுக் காப்புறுதி) எடுத்தாலே எல்லாம் உண்டு என்ற நினைப்பும் வேண்டாம். ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் காப்பைச் சேர்த்தால்தான் வெள்ளம் உண்டு. பெரும்பாலும் காரின் காப்புறுதித் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடுதான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அதைச் சேர்த்திருந்தார். தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினோம். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் சேதம் இன்னும் பெரிதாகும். கிளேமிலும் வாக்குவாதம். டோ லாரியைக் கூப்பிடுங்கள்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு: கட்டடம் கம்பெனியுடையது, உங்கள் சாமானுக்கு ஹவுஸ்ஹோல்டர் மட்டும் எடுத்தால் போதும். என் மச்சானுக்கு பாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். "தீபாவளி போனஸ் வரட்டும்" என்கிறார்.