கை ஊன்றும் வரை

புறக்கோட்டையில் நிலுவை வசூலிப்பது என் வேலை. பொலித்தீன் பையும் கடதாசிப் பெட்டியும் கடைகளுக்குக் கடனில் கொடுக்கிறோம். கொடுப்பது விற்பனைப் பிரிவு, திருப்பி வாங்குவது நான். நான்காம் குறுக்குத்தெருவில் மூட்டை சுமந்துவரும் நாட்டாமைமாருக்கு ஒதுங்கி ஒதுங்கி, கடை கடையாக ஏறி இறங்கினால் பின்னேரம் முதுகு விட்டுப்போகும். அப்புறம் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை. அங்கே கிழமைக்கு இரண்டு நாள், தரையில் கட்டிப் புரண்டு பழகும் தற்காப்புக் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பு. அங்கும் எனக்கு முதுகு தரையில்தான்.

மல்லாந்து படுத்து, மேலே இருப்பவரின் இடுப்பைக் கால்களால் பூட்டி வைப்பது குளோஸ்ட் கார்ட். அவர் நிமிரும் நேரம் பார்த்துக் காலைத் திறந்து, ஒரு கையைப் பின்னால் ஊன்றி எழும்பி, மற்றக் கையை அவருடைய எதிர்த்தோளுக்கு மேலால் போட்டு, இடுப்பால் இடித்துச் சாய்த்தால் ஹிப் பம்ப் ஸ்வீப். போட்டியில் அதற்கு 2 புள்ளி, மேலே ஏறி, அவர் உடம்பின் இரு பக்கமும் காலைப் போட்டு உட்காரும் மவுண்டில் நிலைத்தால் இன்னும் 4. விழாமலிருக்க அவர் கையை மெத்தையில் ஊன்றினால் இன்னும் நல்லது. அந்த மணிக்கட்டைப் பிடித்து, மற்றக் கையை அவர் கைக்கு மேலால் சுற்றி உள்ளே விட்டு என் மணிக்கட்டையே பற்றிக்கொண்டு சரிந்தால் கிமுரா என்ற தோள்பூட்டு. பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். அது பழக எனக்கு ஒரு மாதம்.

1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, ஹெலியோ கிரேசியை வீழ்த்தியது இந்தப் பூட்டினால்தான். தோற்றவர்கள் வென்றவரின் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். கடன் வசூலிக்க வந்தவன் பெயரைப் பிள்ளைக்கு வைத்த மாதிரி. எனக்கு அப்படியொரு மரியாதை இதுவரை கிடைக்கவில்லை.

கிமுராவில் ஆசை கூடிப்போய் ஸ்வீப்பை ஒப்புக்குத்தான் செய்வேன். பாதி எழும்பி, தோளைத் தொட்டுவிட்டு, அவன் கையைத் தேடுவேன். என்னோடு பழகும் சிங்களப் பெடியன் அசையாமல் அப்படியே இருப்பான். வகுப்பெடுக்கும் சேர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “விழுந்துவிடுவேன் என்ற பயமே அவனுக்கு வரவில்லை. பிறகு ஏன் கை ஊன்றப் போகிறான்?”

அந்தப் பயத்தை வரவைப்பதைத்தான் எங்கள் அலுவலகத்து மூத்த வசூல்காரர், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுபவர், வருடக்கணக்காகச் செய்துவந்தார். எனக்குத்தான் விளங்கவில்லை. நான் கடைக்குப் போனதும் “பாதியாவது தாங்கோ முதலாளி” என்பேன். கிடைப்பது தேநீர். நானா முழுத்தொகையையும் கேட்பார், உண்மையாகவே கேட்பார், கதிரையில் உட்கார்ந்துவிடுவார். முதலாளி நெளிந்து, “முழுசா இப்ப ஏலாது நானா, அரைவாசி வெள்ளிக்கிழமைக்கு...” என்று வாயைத் திறந்த கணமே சட்டைப்பையிலிருந்து பேனை வெளியே வந்துவிடும். திகதி, தொகை, கையொப்பம்.

அதன்பிறகு நானும் முழு உடம்போடு எழும்பப் பழகினேன். ஒரு வியாழக்கிழமை இடித்த இடியில் பெடியன் கை ஊன்றவே இல்லை. நேராகச் சாய்ந்து விழுந்தான். நான் கிமுராவுக்காகக் காற்றில் கையை நீட்டியபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மவுண்டுக்கு ஏற வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. அவன் எழும்பி என் மேல் ஏறிக்கொண்டான்.

அடுத்த கிழமை, சாக்குப்போக்குக்குப் பேர்போன ஒரு கடையில் நானாவைப் போலவே உட்கார்ந்து முழுத்தொகையையும் கேட்டேன். முதலாளி என்னை ஒருமுறை பார்த்தார். லாச்சியை இழுத்தார். எண்ணி, றப்பர் போட்டு, முழுக் காசையும் மேசையில் வைத்தார். “ரசீதை எழுதுங்கோ தம்பி.”

ரசீதுப் புத்தகம் அலுவலகத்தில் இருந்தது.