அத்தைக்குக் கரண்டு வைத்த மாதம், எனக்கு வைவா

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்த கருத்தரங்குத் தலைப்பு, புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில் எபிஜெனெடிக்ஸும் (டிஎன்ஏ எழுத்து மாறாமல் மரபணுவின் இயக்கம் மாறுவது) நோய் எதிர்ப்பும். கதிர்வீச்சு ஒரு நோட்டு, மெத்திலேஷன் (டிஎன்ஏ-வில் ஒட்டி மரபணுவைப் பூட்டும் ரசாயனக் குறி) ஒரு நோட்டு, இம்யூனாலஜி ஒரு நோட்டு என்று தனித்தனியாக உருப்போட்டுக்கொண்டு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: “கதிர்வீச்சு நோய் எதிர்ப்பை ஏற்றுமா, இறக்குமா?”

“இறக்கும் சார்.”

“அப்புறம் அப்ஸ்கோபல் விளைவு எப்படி வந்தது?”

1953-ல் மோல் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் என்று தெரியும். கதிர் படாத இடத்துக் கட்டியும் சுருங்குவது என்ற வரையறையும் தெரியும். ஏன் சுருங்குகிறது என்பது மட்டும் மூன்று நோட்டிலும் இல்லை. வாங்கிய மதிப்பெண்ணை விடுங்கள்.

அதே மாதம் உசிலம்பட்டியிலிருந்து அத்தை தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வந்துகொண்டிருந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்று, 25 நாள் கரண்டு. நம் பக்கம் கதிர் சிகிச்சை என்று யார் சொல்கிறார்கள்? கரண்டு வைக்கிறதுதான். காத்திருக்கும் பெஞ்சில் ஒருநாள் கேட்டார்: “ஏத்தா, கரண்டு அடிவயித்துலதான வைக்கிறாக, வாராவாரம் கையில ரத்தம் எதுக்கு எடுக்குறாக?” தேர்வாளர் கேட்டதில் பாதி இதற்குள் இருந்தது என்று புரிய ஒரு வாரம் ஆனது.

நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து மூன்று நோட்டையும் மூடிவைத்தேன். பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, குறுக்கே ஒரு கோடு போட்டேன்: நொடி, நிமிடம், மணி, நாள், வாரம். பாடவாரியாக அல்ல, நேரவாரியாக எழுதுவது என்று முடிவு. இந்தத் தலைப்பைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

நொடிக்குள் டிஎன்ஏ-வின் இரு இழையும் அறுகிறது. நிமிடங்களில் அறுந்த இடத்தைச் சுற்றி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றான ஹெச்2ஏஎக்ஸின் 139-ஆவது அமினோ அமிலமான செரீனில் பாஸ்பேட் ஏறுகிறது. இதுதான் 1998-ல் கண்டறியப்பட்ட காமா ஹெச்2ஏஎக்ஸ். டிஎன்ஏ பழுதுபார்ப்பும் குரோமாட்டினும் (டிஎன்ஏ-வும் ஹிஸ்டோனும் சேர்ந்த கட்டு) கைகோக்கும் இடம் இது. (இது மரபாகக் கடத்தப்படாத, சீக்கிரம் மறையும் குறி, எபிஜெனெடிக்ஸ் என்று சொல்லலாமா என்று கிடுக்கிப்பிடி போடும் தேர்வாளர்கள் உண்டு.)

நாள் கணக்குக்கு வந்தால்தான் சுவாரசியம். உடைசலோடு பிரிய முயலும் செல்லில் துண்டுகள் குட்டி நியூக்ளியஸ்களாகத் தங்கிவிடும். அவற்றின் உறை கிழிந்தால் டிஎன்ஏ சைட்டோபிளாசத்தில் சிந்தும். சிகாஸ் என்ற உளவுப் புரதம் அதை வைரஸ் என்று எண்ணி ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தை எழுப்ப, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து, சேதி சொல்லும் டென்ட்ரிடிக் செல் வழியாக, கட்டியைக் கொல்லும் சிடி8 டி செல்லுக்குச் சேதி போகும். அந்த டி செல் ரத்தத்தில் உடம்பெல்லாம் சுற்றும். தூரத்துக் கட்டி சுருங்க இப்படி ஒரு வழி உண்டு. ஆனால் நோயாளிகளில் இது அபூர்வம். விடையில் அதையும் எழுதுங்கள்.

டோஸைக் கூட்டினால் இதுவும் கூடும் என்று நினைத்தேன். இல்லை. ஒரே தடவையில் மிக அதிகம் கொடுத்தால் ட்ரெக்ஸ்1 என்ற நொதி பெருகி, சிந்திய டிஎன்ஏ-வைத் துடைத்துவிடுகிறது. 2017-ல் வெளியான எலி ஆய்வில் 20 கிரே (கதிர் டோஸின் அலகு) ஒரே தடவையைவிட 8 கிரே மூன்று தடவை எதிர்ப்பை நன்றாக எழுப்பியது. எலியில் கண்டதைச் சிகிச்சை விதியாக எழுதிவிடாதீர்கள்.

மெத்திலேஷன் எங்கே? கதிர் பட்ட பல திசுக்களில் மொத்த மெத்திலேஷன் குறைகிறது, எல்லாவற்றிலும் அல்ல. பூட்டு தளர்ந்தால் ஜீனோமில் தூங்கும் பழைய ரெட்ரோவைரஸ் துண்டுகள் விழித்து இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாக்கும். அதுவும் இன்டர்ஃபெரானில்தான் முடியும். மெத்திலேஷனைக் குறைக்கும் மருந்துகளில் இதை 2015-ல் தெளிவாகக் காட்டினார்கள். மூன்று நோட்டும் ஒன்றான இடம் இதுதான்.

எதிர்ப்பை இறக்கும் எதிர்த்திசை அம்புகளையும் தாளில் சிவப்பில் போட்டேன். இன்டர்ஃபெரானே கட்டியில் பிடி-எல்1 என்ற புரதத்தை ஏற்றி டி செல்லைத் தடுக்கும். டி செல்லும் சேர்ந்த லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சின்ன டோஸிலேயே சாகும்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் எழுதுபவர்களுக்கு இந்தத் தாள் பகுதி சி-க்கு உதவும். அங்கே 75 கேள்விகளில் 25-க்கு விடை, ஒன்றுக்கு 4 மதிப்பெண், தப்பினால் 1 போகும். சோதனையைக் கொடுத்து எது சரி என்று கேட்கும்போது, எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அத்தைக்கும் பதில் சொன்னேன். “இடுப்பெலும்புக்குள்ளயும் ரத்தம் ஊறுது அத்தை. அதுல நோயை எதிர்க்கிற காவக்கார செல்லுங்க இருக்கு, கரண்டு அதைத்தான் மொதல்ல சாய்க்கும். எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சுடாம பாக்கத்தான் ரத்தம் எடுக்குறாங்க.”

“அப்ப காவலுக்கு நிக்கிறவனுக்குத்தான் மொத அடியாக்கும்” என்று சொல்லிவிட்டு, டோக்கன் கூப்பிட்டதும் எழுந்து போனார்.