அல்சூரில் அடுப்போடு ஒரு வீடு

எந்த ஊருக்குப் போனாலும் காலையில் என் கையால் கலந்த காபி வேண்டும், மதியம் உப்பைக் குறைத்து வைத்த ரசம் வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற எனக்கு ஓட்டல் சாப்பாடு இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் கால் வீங்க ஆரம்பித்துவிடும். லால்பாக்கில் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு பெங்களூரில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று முடிவு செய்ததும், சமையலறை உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட்டாகத்தான், அதாவது நாள் கணக்கில் வாடகைக்கு விடும் வீடாகத்தான் தேடினேன்.

போனில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு வர்றாங்க?" நான் மட்டும்தான் என்றால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஓரிடத்தில், மகனோ மகளோ வந்து கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்றார்கள். வங்கியில் அத்தனை வருஷம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்த எனக்கு அது மிகவும் வலித்தது. வயதானவர் தனியாகத் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் காரணத்தாலேயே என் வயதுப் பெண்கள் பலர் ஊர் பார்க்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

வீட்டைவிடத் தெருவை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பளபளப்பான வீடுகள் நிறைய. ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லிக்கு பெரிய சாலையைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பில் சொல்லிவிட்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு நடந்து போகிற தூரத்தில் பால் பூத், மருந்துக் கடை, காய்கறி, கோயில், மெட்ரோ எல்லாம் வேண்டும். இத்தனையும் அல்சூரில் கிடைத்தன. 1809-ல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தபோது படையோடும் படையை நம்பிய தொழில்களோடும் தமிழர்கள் வந்து குடியேறிய பகுதி இது. ஏரிக்கரையில் 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலை, அந்தப் பக்கமே தமிழ்ச் சங்கம், உள்ளே தள்ளி சோமேஸ்வரர் கோயில். காய்க்காரம்மாவிடம் தமிழிலேயே பேரம் பேசலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரப் பெண்ணை வீடியோ காலில் வரச் சொன்னேன். ஹாலையும் சோபாவையும் காட்டத் தொடங்கினார். "அது இருக்கட்டும்மா, முதல்ல வாசக்கதவு தாழ்ப்பாளைக் காட்டுங்க, அப்புறம் பாத்ரூம்" என்றேன். பூட்டுக்கு மாற்றுச் சாவி யாரிடமும் இருக்கலாம், உள் தாழ்ப்பாளுக்குச் சாவியே கிடையாது. அதனால் அது எனக்குக் கட்டாயம். பாத்ரூமில் கேஸ் கீசரா, மின்சார கீசரா என்று கட்டாயம் கேளுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். பெங்களூரில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. தனியாக இருப்பவரைத் தூக்கி வெளியே கொண்டுவர ஆள் ஏது? அந்த வீட்டில் மின்சார கீசர்தான். தரையில் சொரசொரப்பான டைல்ஸ், நுழைவில் படியும் இல்லை. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, கரன்ட் போனால் ஜெனரேட்டரும் உண்டு. சரி என்றேன்.

அடுத்த கேள்வி தண்ணீர். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றப்படுகிறது. எல்லா வீட்டுக்கும் அது போதாது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது நினைவிருக்கும். காவிரியா, போரா, டேங்கரா என்று கேட்பதில் சமையல் விஷயமும் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பில் துவரம்பருப்பு லேசில் மசியாது. இங்கே காவிரிதான். ஆனாலும் இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், சென்னைக் கணக்கில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் நேரம் இழுக்கும். குக்கர் இருந்தால் கவலையில்லை.

குக்கர் இருந்தது. ஆனால் அலுமினியம், அடுப்போ இன்டக்‌ஷன். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடேறும். இதற்காகவே ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அலமாரியில் இருந்த எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்த்ததில் ஒரு எவர்சில்வர் சட்டியும் தோசைக்கல்லும்தான் தேறின. வீட்டுக்காரப் பெண்ணிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் சாயங்காலமே தன் வீட்டு எவர்சில்வர் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். அன்று ராத்திரி நந்தினி பால், ஹாப்காம்ஸ் கடையில் வாங்கிய பீன்ஸில் ஒரு பொரியல், மிளகு ரசம். அந்த ரசத்தை ஊற்றிக் குடித்தபோதுதான் ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

வாசலில் இருந்த காவலாளி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். போன அன்றே அவரிடம் நின்று பேசி, பெயர் கேட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். "தினமும் ஏழு மணிக்குப் பால் வாங்க இறங்கி வருவேன். எட்டு மணி வரைக்கும் காணோம்னா கதவைத் தட்டுங்க தம்பி" என்றேன். ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன். சொன்னபடியே தட்டினார். "ஒண்ணுமில்லையேம்மா? பாலு நான் வாங்கியாந்துட்டேன்." பேசாமல் கை மட்டும் கூப்பினேன். கேமரா அந்த வாசலிலும் இருந்தது. இருக்கட்டும், ஆனால் அது மாடியேறி வந்து கதவைத் தட்டாது.

அடையாளத்துக்கு ஆதார் கேட்டார்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைத்தான் கொடுத்தேன். போனில் அவசர உதவிக்கான 112-ஐயும் முதியோர் உதவிக்கான 14567-ஐயும் முதலிலேயே பதிந்து வைத்தாயிற்று. வந்து சேருவது எப்போதும் பகலில்தான். பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் அதற்குத் தோதான வண்டி, மதியம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வெளிச்சத்திலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

லால்பாக் போவது சுலபம். அல்சூரில் ஊதா வழி மெட்ரோ, மெஜஸ்டிக்கில் இறங்கிப் பச்சை வழிக்கு மாறினால் லால்பாக் பெயரிலேயே நிலையம். விடுமுறை நாளைத் தவிர்த்து வார நாளில் காலையிலேயே போனதால் கண்ணாடி மாளிகையில் நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. பஸ்ஸில் போனால் டிக்கெட் எடுங்கள், பெண்களுக்கான இலவசப் பயணம் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

ஜனவரிக் கண்காட்சிக்கும் அதே வீட்டைச் சொல்லி வைத்திருக்கிறேன். கழிவறைச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி இருந்தால் நன்றாயிருக்கும் என்று கிளம்பும்போது சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் வாட்ஸாப்பில் படம் வந்தது. கம்பி பொருத்தியாயிற்று, கூடவே ஒரு கேள்வி: "உயரம் சரியா இருக்காம்மா? இல்லைன்னா மாத்திடலாம்."